மக்காச்சோளத்துக்கு எல்லை இல்லை, விதைச்சவனுக்கு மட்டும் முள்வேலி

கொஞ்சம் நீளமான பதிவு தோழர்களே. ரீல்ஸ் பார்க்கிற நேரத்துல பாதியை ஒதுக்கினா படிச்சு முடிச்சிடலாம்.

2025 பிப்ரவரி 5-ஆம் தேதி அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று அமிர்தசரஸில் வந்து இறங்கியது ஞாபகம் இருக்கா? உள்ளே 104 இந்தியர்கள். கையில் விலங்கு, காலில் சங்கிலி போட்டுக் கூட்டிட்டு வந்தாங்க. பெரும்பாலும் பஞ்சாப், ஹரியானா, குஜராத் ஆட்கள். அன்னைக்கு அந்தச் செய்திக்குக் கீழே அதிகமா பார்த்த கமெண்ட் எது தெரியுமா? "திருட்டுத்தனமா போனா இப்படித்தான் அனுப்புவாங்க." இதை எழுதினவங்கள்ல நம்ம ஆதரவாளர் ஐடிகளும் இருந்தது. அதான் இந்தப் பதிவு.

அந்த விலங்கு பஞ்சாப்காரருக்காக அடிச்சது கிடையாது. அந்த வேலி, அந்தக் கேமரா, அந்த முகாம், அந்த விமானம் எல்லாமே பெரும்பாலும் இன்னொரு நாட்டுக்காரனை மனசுல வச்சுக் கட்டப்பட்டது. அவன் மெக்சிகோ விவசாயி. அவன் ஏன் ஊரை விட்டுக் கிளம்பினான்னு கேட்டுக்கிட்டே பின்னாடி போனா, ஒரு வர்த்தக ஒப்பந்தத்துல போய் நிக்குது.

1994 ஜனவரி 1. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து போட்ட வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் அன்றைக்குத்தான் நடைமுறைக்கு வந்தது. சுருக்கமா நாஃப்டா. அதே நாள் விடியற்காலையில் மெக்சிகோவின் தெற்கு மூலையில் இருக்கிற சியாபாஸ் மாநிலத்தில் பழங்குடி விவசாயிகள் ஆயுதம் எடுத்து நகரங்களைப் பிடிச்சாங்க. ஸபாட்டிஸ்டா எழுச்சி. அந்தத் தேதியை அவங்க சும்மா தேர்ந்தெடுக்கல. இந்த ஒப்பந்தம் எங்களுக்கு மரண சாசனம்னு சொன்னாங்க. டிவியில் அதை ஏதோ காட்டுக்குள்ள இருக்கிறவங்க கூச்சல் மாதிரி காட்டினாங்க.

ஒப்பந்தத்தை விற்றவர்கள் சொன்னது என்ன? மெக்சிகோ அதிபர் கார்லோஸ் சாலினாஸ் அமெரிக்காவுக்குப் போய்ப் போய்ச் சொன்ன வாதம் இதுதான்: நாங்கள் மனிதர்களை ஏற்றுமதி செய்ய விரும்பவில்லை, பொருள்களை ஏற்றுமதி செய்ய விரும்புகிறோம். கிளிண்டனும் அதையே வேற வார்த்தையில் சொன்னார். மெக்சிகோவில் வேலை பெருகும், கூலி ஏறும், ஆட்கள் ஊரிலேயே பிழைச்சுக்குவாங்க, எல்லை தாண்டி வர்றது குறையும். கேட்க நல்லாத்தான் இருக்கு.

நடந்தது என்னன்னு பியூ ஆய்வு மையத்தின் கணக்கைப் பாருங்க. 1990-ல் அமெரிக்காவில் ஆவணம் இல்லாமல் வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 35 லட்சம் பேர். 2007-ல் அது 1 கோடியே 22 லட்சம். அதில் மெக்சிகோக்காரர்கள் மட்டும் 69 லட்சம். குறையும்னு சொன்னது பல மடங்கு ஏறியிருக்கு.

இதுக்கெல்லாம் நாஃப்டா ஒன்னு மட்டுமே காரணம்னு நான் சொல்ல வரல. அப்படிச் சொன்னா அது வாட்ஸ்அப் யுனிவர்சிட்டி. 1994 டிசம்பரில் மெக்சிகோவின் பேசோ நாணயம் கவிழ்ந்தது. அடுத்த வருஷம் மட்டும் பொருளாதாரம் ஏறக்குறைய 6% சுருங்கியது. அந்தச் சரிவில் விழுந்த நிஜக்கூலி பல வருஷம் எழுந்து நிக்கல. அந்த நாட்டில் வருஷத்துக்குப் பத்து லட்சம் அளவில் இளைஞர்கள் புதுசா வேலை தேடி வந்துகிட்டிருந்த காலம் அது. அமெரிக்கப் பக்கம் கட்டுமானம், இறைச்சி ஆலை, தோட்ட வேலை எல்லாவற்றிலும் ஆள் தேவை கொழுந்துவிட்டு எரிஞ்சது. இத்தனையும் சேர்ந்ததுதான். ஆனா ஊருக்குள்ள ஒரு விவசாயிக்கு இருந்த கடைசிப் பிடிமானத்தை உருவினது எதுன்னு கேட்டா, அதுக்கு ஒரு பெயர் இருக்கு: மக்காச்சோளம்.

நமக்கு நெல் எப்படியோ, மெக்சிகோவுக்கு மக்காச்சோளம் அப்படி. உலகத்துக்கே மக்காச்சோளம் கொடுத்த மண் அது. ஏறக்குறைய 9,000 வருஷத்துக்கு முன்னாடி காட்டுப் புல்லைப் பயிராக்கினது அந்த மண்ணின் மக்கள். மூணு வேளையும் அதில் தட்டிச் சுட்ட டொர்ட்டியாதான் சாப்பாடு. 1990-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 30 லட்சம் விவசாயிகள் அதைப் பயிர் செய்தாங்க. பெரும்பாலோர் மானாவாரிக்காரர்கள், கொஞ்சம் நிலம், பாதி வீட்டுக்கு, பாதி சந்தைக்கு. ஹெக்டேருக்கு 2 டன் சொச்சம் எடுத்தாலே அதிகம். எதிர்ப்பக்கம் அமெரிக்காவின் அயோவா, இல்லினாய் பண்ணைகள். ஹெக்டேருக்கு 8 டன், பெரிய பெரிய இயந்திரம், போதாததுக்கு அரசாங்கம் அள்ளிக் கொடுக்கிற மானியம். தெருவில் கபடி ஆடுறவனை ஒலிம்பிக் மல்யுத்த வீரனோட மோதவிட்டு, ரெண்டு பேருக்கும் ஒரே விதின்னு சொல்ற மாதிரி. இதைத்தான் அவங்க 'தடையற்ற' வணிகம்னாங்க.

ஒப்பந்தத்தை எழுதினவங்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் மக்காச்சோளத்துக்கு 15 வருஷம் அவகாசம் வச்சாங்க. முதல் வருஷம் 25 லட்சம் டன் வரைக்கும் வரி கிடையாது. அதுக்கு மேல வந்தா 215% வரி. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, 2008-ல் பூஜ்யம். அந்த 15 வருஷத்துக்குள்ள சிறு விவசாயி வேற பயிருக்கோ வேற தொழிலுக்கோ மாறிக்குவான்னு திட்டம். காகிதத்தில் பார்த்தா பொறுப்பான திட்டம்தான்.

இப்ப நல்லா கவனிங்க. 1996-லேயே கோட்டாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல மக்காச்சோளம் உள்ளே வந்தது. 215% வரி வசூல் பண்ணாங்களா? இல்லை. விலைவாசியைக் கட்டுப்படுத்தணும், கோழி, பன்றிப் பண்ணைகளுக்குத் தீவனம் மலிவா வேணும்னு சொல்லி, பெரும்பாலான வருஷங்களில் கோட்டாவைத் தாண்டின சரக்குக்கு மெக்சிகோ அரசே வரியை விட்டுக்கொடுத்தது. 15 வருஷ அவகாசம் காகிதத்தில் இருந்தது, வயலில் மூணு வருஷம்கூட நிக்கல. இதுக்கு அமெரிக்காவைக் குறை சொல்ல முடியாது. சொந்த அரசாங்கம் சொந்த விவசாயிக்குச் செய்தது.

அதோட முடியல. கோனசூப்போன்னு ஒரு அரசு நிறுவனம் இருந்தது. நம்ம நேரடி நெல் கொள்முதல் நிலையம், உணவுக் கழகக் கிடங்கு, ரேஷன் கடை மூணையும் ஒன்னா சேர்த்தா எப்படியோ அப்படி. விவசாயிகிட்ட நிர்ணயித்த விலைக்கு வாங்கி, ஏழைகளுக்கு மலிவா கொடுத்த அமைப்பு. 1999-ல் அதை இழுத்து மூடினாங்க. டொர்ட்டியா மானியமும் அதே வருஷம் போச்சு. அதுக்கு முன்னாடியே, 1992-ல், அரசியல் சட்டத்தின் 27-வது பிரிவைத் திருத்தி, மெக்சிகோ புரட்சிக்குப் பிறகு கிராமங்களுக்குப் பொதுவா கொடுக்கப்பட்ட நிலத்தை விற்கலாம்னு ஆக்கியிருந்தாங்க. நிலச் சீர்திருத்தம், கொள்முதல், இறக்குமதி வரின்னு மூணு தூண். ஏழு வருஷத்தில் மூணையும் சாய்ச்சாச்சு.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டிமத்தி வைஸ் என்ற ஆய்வாளர் இதைக் கணக்குப் போட்டிருக்கிறார். 1997 முதல் 2005 வரை அமெரிக்க மக்காச்சோளம் அதன் உற்பத்திச் செலவைவிடச் சராசரியா 19% குறைவான விலைக்கு மெக்சிகோவில் கொட்டப்பட்டது. பணவீக்கத்தைக் கழிச்சுப் பார்த்தா, மெக்சிகோ விவசாயிக்குக் கிடைத்த விலை 1990-களின் தொடக்கத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு 2005-க்குள் இறங்கிடுச்சு. ஆனா டொர்ட்டியா விலை இறங்கலை. 2007 ஜனவரியில் அமெரிக்காவில் எத்தனாலுக்கு மக்காச்சோளம் போக ஆரம்பிச்சு விலை எகிறினதும், மெக்சிகோ சிட்டியில் டொர்ட்டியா விலைக்காகவே பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனாங்க. விளைவிக்கிறவனுக்கும் நஷ்டம், வாங்கித் தின்கிறவனுக்கும் நஷ்டம். நடுவுல யாரோ நல்லா சாப்பிட்டிருக்காங்க.

இங்க ஒரு விஷயம் நேர்மையா சொல்லணும், இல்லைன்னா எதிர்த்தரப்பு ஐடி விங் வந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் காட்டும். மெக்சிகோவின் மக்காச்சோள உற்பத்தி குறையலை. கூடுச்சு. வடக்கே சினலோவா மாநிலத்தில் பாசன வசதி உள்ள பெரிய பண்ணைகள் அரசு உதவியோட நிறைய விளைவிச்சது. தக்காளி, காய்கறி, பழம் ஏற்றுமதியும் பிச்சுக்கிட்டுப் போச்சு. அந்தத் தக்காளித் தோட்டங்களில் கூலி வேலைக்கு வந்தது யார்? தெற்கே ஒஹாக்கா, குவெரெரோ மாநிலங்களில் சொந்த நிலத்தில் மக்காச்சோளம் போட்ட பழங்குடிக் குடும்பங்கள். நாட்டு வருமானக் கணக்கில் இது வளர்ச்சி. அந்தக் குடும்பத்துக் கணக்கில் நிலச் சொந்தக்காரன் தினக்கூலி ஆனது. சினலோவா வரைக்கும் வந்தவன், அதே வேலைக்கு அதே தக்காளிக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் கலிஃபோர்னியாவில் பல மடங்கு கூலின்னு தெரிஞ்சதும் அங்கேயே நின்னுடுவானா?

கார்னெகி நிறுவனம் 2003-ல், ஒப்பந்தத்தின் பத்தாம் ஆண்டை ஒட்டி, ஒரு மதிப்பீடு வெளியிட்டது. 1994-க்குப் பிறகு மெக்சிகோவின் தொழிற்சாலைகளில் கூடிய வேலை ஏறக்குறைய 5 லட்சம். விவசாயத்தில் அழிந்த வேலை ஏறக்குறைய 13 லட்சம். இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

'மக்கில்லா'ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. எல்லையை ஒட்டி ஹுவாரெஸ், திஹுவானா மாதிரி ஊர்களில் அமெரிக்க உதிரிபாகங்களை வரி இல்லாம கொண்டு வந்து, பூட்டி, திருப்பி அனுப்புற ஆலைகள். 1965-லேயே தொடங்கினது, நாஃப்டாவுக்குப் பிறகு வேகம் பிடிச்சது. 2000-ல் அங்கே 13 லட்சம் பேர் வரை வேலை பார்த்தாங்க. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அமெரிக்காவிலும் அந்த வருஷம் மந்தம். அடுத்த ரெண்டு வருஷத்துக்குள்ள லட்சக்கணக்கான வேலை காணாம போச்சு. கிராமத்தை விட்டு ஆலைக்காக எல்லை ஊர் வரைக்கும் வந்து, ஆலை மூடினா, கண்ணுக்கு எதிர்ல தெரியிறது அமெரிக்கா. திரும்பிப் போக ஊர்ல என்ன இருக்கு?

இனி நான் படிச்ச படிப்பு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். நாஃப்டா ஆட்கள் போக்குவரத்தைப் பற்றிப் பேசவே இல்லைன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பேசியிருக்கு. டிஎன் விசான்னு ஒன்னு. இன்ஜினியர், கணக்காளர், விஞ்ஞானின்னு 60-க்கும் மேற்பட்ட தொழில்கள் அந்தப் பட்டியலில் இருக்கு. அதில் ஒன்னுல வேலை இருந்தா அமெரிக்காவுக்குப் போய் வேலை செய்யலாம். என்னை மாதிரி ஒரு பி.இ. பையன் மெக்சிகோவில் பிறந்திருந்தா அவனுக்கு ஒரு கதவு இருந்தது. பட்டியலில் மக்காச்சோளம் விதைக்கிறவன் இல்லை. தக்காளி பறிக்கிறவன் இல்லை. கொத்தனார் இல்லை. ஒப்பந்தம் யாருடைய பிழைப்பைப் பறிச்சதோ, அவங்களுக்கு அதே ஒப்பந்தத்தில் கதவு கிடையாது. மூலதனம் போகலாம், சரக்கு போகலாம், பட்டதாரி போகலாம். விவசாயி போனா அவனுக்குப் பெயர் 'இல்லீகல்'.

அந்த வார்த்தைக்கு வேலியும் தயாரா இருந்தது. ஒப்பந்தம் வந்த அதே 1994 அக்டோபரில் சான் டியாகோ பக்கம் 'ஆபரேஷன் கேட்கீப்பர்'. அதுக்கு முந்தின வருஷமே எல் பாஸோவில் எல்லைக் காவலர்களை வரிசையா நிறுத்தியாச்சு. நகரத்து வழியை அடைச்சா ஆட்கள் வர்றது நின்னுடும்னு நினைச்சாங்க. நிக்கல. அரிசோனா பாலைவனம் பக்கம் திரும்பினாங்க. 1998-லிருந்து இருபது வருஷத்தில் எல்லையில் இறந்தவர்கள் அமெரிக்க எல்லைக் காவல் படையின் சொந்தக் கணக்கிலேயே 7,000-க்கும் மேல். தாகத்திலும் வெயிலிலும் செத்தவர்கள் நிறைய.

இதில் இன்னொரு கூத்து நடந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் மேஸி பல வருஷம் ஆராய்ந்து சொன்னது. வேலி பலப்படுறதுக்கு முன்னாடி மெக்சிகோ தொழிலாளி சீசனுக்குப் போவான், அறுவடை முடிஞ்சா ஊருக்குத் திரும்புவான், அடுத்த வருஷம் மறுபடி போவான். வேலி போட்ட பிறகு ஒரு தடவை கடக்கிறதே உயிரைப் பணயம் வைக்கிறது, ஏஜென்ட்டுக்குப் பெரிய தொகை வேற. அதனால போனவன் திரும்பலை. பொண்டாட்டி பிள்ளையையும் அங்கேயே வரவழைச்சுக்கிட்டான். கிணத்து மோட்டார்ல ஃபுட் வால்வு இருக்கும்ல, தண்ணி மேல ஏறும், கீழே இறங்காது, அதைக் கொண்டு போய் எல்லையில் மாட்டிட்டாங்க. மாட்டிட்டு, தொட்டி நிரம்புதேன்னு கத்தினாங்க.

சரி, அமெரிக்கத் தொழிலாளியாவது ஜெயிச்சானா? கரோலினா மாநிலங்களின் நூற்பாலை, தையல் ஆலைகளும் மிச்சிகன் பக்கத்து வாகன உதிரிபாக ஆலைகளும் மூடப்பட்டு தெற்கே போனது. எத்தனை வேலை போச்சுங்கிறதில் சண்டை இருக்கு. தொழிற்சங்கச் சார்புள்ள பொருளாதாரக் கொள்கை நிறுவனம் 2010 வரைக்கும் ஏறக்குறைய 6 லட்சத்து 83 ஆயிரம்னு சொல்லுது. நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமோ மொத்தப் பொருளாதாரத்தில் தாக்கம் மிகச் சிறிதுன்னு 2003-ல் எழுதியது. என் கணிப்புல ரெண்டும் ஒன்னையொன்னு அடிக்கலை. நாடு முழுக்கப் பரப்பினா சிறிசு. ஒரே ஆலையை நம்பி இருந்த ஒரு ஊரில் குவிஞ்சா அது முழு இடி. ஹகோபியான், மெக்லாரன் என்ற ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டுது. பாதிக்கப்பட்ட தொழில்களிலும் ஊர்களிலும் அதிகம் படிக்காத தொழிலாளியின் கூலி உயர்வு படுத்துவிட்டது. அந்த ஆலையில் வேலையே பார்க்காம, அதே ஊரில் வேற வேலை பார்த்தவருக்கும்தான்.

ஆக ரெண்டு நாட்டுத் தொழிலாளியும் அடிபட்டிருக்கான். ஆனா 2016-ல் டிரம்ப் வந்து மிச்சிகன் காரனிடம் என்ன சொன்னார்? நாஃப்டா மோசமான ஒப்பந்தம், அதனால மதில் கட்டுவோம். முதல் பாதி உண்மை. அதுல வர்ற கோபத்தை ரெண்டாவது பாதியில் தக்காளி பறிக்கிறவன் தலையில் இறக்கிட்டார். எந்த நாடா இருந்தாலும் இந்த வித்தை ஒன்னுதான்.

ஆவணம் இல்லாத தொழிலாளியை யார் வேலைக்கு வைக்கிறாங்கங்கிற கேள்வியை மட்டும் அங்கே யாரும் சத்தமா கேட்கிறதில்லை. தெரிஞ்சே அவங்களை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு 1986-லேயே சட்டம் இருக்கு. 2002-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹாஃப்மன் பிளாஸ்டிக் வழக்கில் ஒரு தீர்ப்பு சொல்லிச்சு. சங்கம் வைக்க முயன்றதுக்காக நிறுவனம் ஒரு தொழிலாளியைச் சட்டவிரோதமா நீக்கியிருந்தது. ஆனா அவரிடம் ஆவணம் இல்லை, அதனால நிலுவைச் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை. நீங்க முதலாளியா இருந்தா யாரை வேலைக்கு எடுப்பீங்க? சங்கம் வச்சா கோர்ட்டுக்குப் போகக்கூடியவனையா, போக முடியாதவனையா? உள்ளூர்த் தொழிலாளியின் கூலியை இறக்குறது பக்கத்து நாட்டிலிருந்து வந்தவன் இல்லை, அவனுக்குப் பேச உரிமை இல்லாத நிலைமை.

எதிர்வாதமும் ஒன்னு உண்டு. அதையும் பார்த்துடலாம். 2007-க்குப் பிறகு மெக்சிகோவிலிருந்து ஆவணமில்லாமல் போறது நிஜமாவே குறைஞ்சது. 69 லட்சமா இருந்தது 2022-ல் 40 லட்சம் அளவுக்கு இறங்கியிருக்கு. அப்ப சாலினாஸ் சொன்னது சரிதானே, கொஞ்சம் லேட்டா நடந்திருக்குன்னு கேட்பாங்க. 2008-ல் அமெரிக்காவில் கட்டுமானத் தொழில் படுத்ததும், மெக்சிகோவில் ஒரு தாய்க்கு ஏழு குழந்தைன்னு இருந்தது ரெண்டுக்கு இறங்கினதும் அதில் பெரிய பங்குன்னு பதில் சொல்லலாம். அதைவிட முக்கியமான பதில் ஒன்னு இருக்கு. 1990-லேயே அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஆணையம், வர்த்தகம் பெருகினா நீண்ட காலத்தில் குடிபெயர்வு குறையும், ஆனா குறுகிய காலத்தில் கூடும்னு எழுதிக் கொடுத்தாச்சு. தெரிஞ்சேதான் போட்டாங்க. அந்தக் 'குறுகிய காலம்' 15 வருஷம். 1994-ல் 20 வயசா இருந்த ஒஹாக்கா பையனுக்கு அது முழு இளமை. மேட்டில் ஏறி இறங்கினா சமவெளி வரும்னு வரைபடத்தில் போட்டவங்க, மேட்டில் ஏறுறவனுக்கு ஒரு சொம்பு தண்ணிகூடக் கொடுக்கலை, மேல நின்னு விலங்கு மாட்டினாங்க.

வேற மாதிரி செய்ய முடியாதான்னா, செஞ்சிருக்காங்க. 1986-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தப்ப அதே பயம் இருந்தது, ஏழைகள் வடக்கே படையெடுப்பாங்கன்னு. அதனால ஆட்கள் போக்குவரத்துக்குச் சில வருஷம் இடைக்காலம் வச்சாங்க. அந்த நேரத்தில் பணக்கார நாடுகளின் பணம் அங்கே ரோடாகவும் ரயிலாகவும் பயிற்சியாகவும் இறங்குச்சு. கதவு திறந்தப்ப பயந்த அளவுக்கு யாரும் போகலை. மெக்சிகோவுக்கு அப்படி ஒரு நிதி கிடையாது. எல்லைப் பகுதியின் குடிநீர், சாக்கடைத் திட்டங்களுக்கு ஒரு சின்ன வங்கி ஆரம்பிச்சாங்க, அவ்ளோதான்.

ஒப்பந்தத்துக்குள்ளேயே தொழிலாளிக்குப் பல் வைக்கவும் முடியும். நாஃப்டாவுக்குப் பதிலா 2020 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய ஒப்பந்தத்தில், வரிச்சலுகை வேணும்னா காரின் மதிப்பில் 40 முதல் 45% வரை மணிக்குக் குறைந்தது 16 டாலர் வாங்குற தொழிலாளர்கள் செய்ததா இருக்கணும்னு விதி வந்தது. சங்க உரிமையை மீறுற ஆலை மேல உடனடி விசாரணை கேட்கலாம்னு ஒரு ஏற்பாடும் வந்தது. அதைப் பயன்படுத்தித்தான் சிலாவோ ஊரின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் பழைய பொம்மைச் சங்கத்தைத் தூக்கிட்டு, 2022 பிப்ரவரியில் தொழிலாளர்கள் வாக்குப் போட்டுச் சுயேச்சையான சங்கத்தைக் கொண்டு வந்தாங்க. சில மாதத்தில் 8.5% கூலி உயர்வு. பெரிய புரட்சி இல்லை. ஆனா அந்த மாதிரி ஒரு பத்தி ஒப்பந்தத்தில் இருக்கிறதுக்கும் இல்லாததுக்கும் உள்ள வித்தியாசம் அந்த 8.5%.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 2025 செப்டம்பரில் அமெரிக்க வணிகத் துறைச் செயலர் ஹோவர்ட் லட்னிக் வெளிப்படையா ஒரு குறை சொன்னார். 140 கோடி பேர் இருக்கிற இந்தியா அமெரிக்க மக்காச்சோளத்தில் ஒரு சின்ன மூட்டைகூட வாங்க மாட்டேங்குதேன்னு. ஆமா, அதே மக்காச்சோளம். நம்ம பெரம்பலூர், அரியலூர், சேலம் பக்கம் மானாவாரியில் விளையுற மக்காச்சோளத்துக்குப் பெரிய வாடிக்கையாளர் நாமக்கல் கோழிப்பண்ணை. இன்னைக்கு இந்தியாவில் மக்காச்சோள இறக்குமதிக்கு 5 லட்சம் டன் வரை 15% வரி, அதுக்கு மேல 50%. கோட்டா, கோட்டாவைத் தாண்டினா அதிக வரி. வடிவம் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா?

பண்ணைக்காரரைக் குறை சொல்ல முடியாது. முட்டை விலையில் பெரும்பங்கு தீவனம்தான். மலிவா வந்தா அவருக்கு நல்லது, முட்டை வாங்குற நமக்கும் நல்லது. மெக்சிகோவிலும் இதே வாதத்தை வச்சுத்தான் 1996-ல் வரியை விட்டாங்க. எல்லா ஒப்பந்தத்தையும் கண்ணை மூடிக்கிட்டு எதிர்க்கணும்னு சொல்ற ஆள் நான் இல்லை. திருப்பூருக்கு வெளிநாட்டுச் சந்தை வேணும், ஆம்பூருக்கு வேணும். ஆனா திருப்பூர் சட்டைக்குக் கிடைக்கிற சலுகைக்குப் பெரம்பலூர் விவசாயி விலை கொடுக்கணும்னா, அவனுக்கு எத்தனை வருஷ அவகாசம், கோட்டா தாண்டினா வரியை யாரும் விட்டுக்கொடுக்க முடியாதபடி என்ன பூட்டு, கொள்முதல் யார், இதெல்லாம் கையெழுத்துக்கு முன்னாடி எழுத்தில் வேணும்.

அதைக் கேட்கிற இடத்தில் நாம இருக்கோமா? விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கு. ஒப்பந்தம் போடுறது ஒன்றிய அரசு. இந்தியாவில் ஒரு வர்த்தக ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல்கூடக் கட்டாயம் இல்லை. மாநிலத்தைக் கேட்கணும்னு எந்த விதியும் இல்லை. ஆசியான் ஒப்பந்தம் வந்தப்ப ரப்பர், மிளகு போயிடும்னு கேரளா கத்திப் பார்த்தது; 2010-ல் அது நடைமுறைக்கு வந்தாச்சு. 2019 நவம்பரில் ஆர்செப் ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகினதுக்குப் பால் உற்பத்தியாளர்களின் எதிர்ப்பு ஒரு முக்கியக் காரணம். சத்தம் போட்டா கேட்கும்ங்கிறதுக்கு நம்மகிட்ட ஆதாரம் இருக்கு.

இன்னொன்னையும் கவனிங்க. 2025 ஜூலையில் இங்கிலாந்தோட கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஆட்கள் போறதுக்கும் இடம் இருக்கு. சமையல் கலைஞர், யோகா ஆசிரியர், செவ்விசைக் கலைஞர் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 1,800 பேர். ஐ.டி. கம்பெனி அனுப்புற ஊழியருக்குச் சமூகப் பாதுகாப்புப் பிடித்தத்தில் சலுகை. சந்தோஷம், என் கிளாஸ்மேட்டுக்கு ஆகும். ஆனா கொத்தனார், வெல்டர், விவசாயக் கூலி பத்தி ஒரு வரி கிடையாது. அவன் போகணும்னா ஏஜென்ட்தான், கடன்தான், காடுதான். அமிர்தசரஸில் இறங்கினவங்க பலர் அந்த வழியாத்தான் போனாங்க, பனாமா காட்டையும் தாண்டி, கடைசியில் அதே மெக்சிகோ எல்லையில் போய் நின்னாங்க. 2022 கணக்குப்படி அமெரிக்காவில் ஆவணமில்லாத இந்தியர்கள் ஏறக்குறைய 7 லட்சத்து 25 ஆயிரம்.

நம்ம கமெண்ட் பாக்ஸ்ல பீகார், ஒடிசாத் தொழிலாளியைப் பத்திப் பேசுற சில தோழர்களுக்கும் இது பொருந்தும். அவன் வந்ததுக்கு அவன் ஊர்ல நடந்த ஏதோ ஒரு கொள்கை காரணம். திட்டணும்னா அதைப் போட்டவனைத் திட்டுங்க.

ஒரு வேலை இருக்கு. கையெழுத்தான ஒப்பந்தங்களின் முழு வாசகமும் வரிக் குறைப்பு அட்டவணையும் ஒன்றிய வணிக அமைச்சகத்தின் தளத்தில் ஆங்கிலத்தில் இருக்கு. எந்தப் பொருளுக்கு எத்தனை வருஷத்தில் வரி பூஜ்யம் ஆகுதுங்கிறது அதில் வரிசையா இருக்கும். படிக்கச் சலிப்பா இருக்கும். அந்தச் சலிப்பை நம்பித்தான் அவங்க அப்படி எழுதுறாங்க. தானியத்துக்கு 10-வது அத்தியாயம், பருத்திக்கு 52-வது, பால் பொருளுக்கு 4-வது. இந்த மூணையும் மாவட்டவாரியாத் தமிழில் எழுதி, ஒரு பக்க அட்டையா இந்தப் பக்கத்தில் போடப் போறோம். எக்செல் தெரிஞ்சவங்க, மண்டி விலை தெரிஞ்சவங்க, பெரம்பலூர், நாமக்கல் பக்கம் இருக்கிறவங்க இன்பாக்ஸ்ல வாங்க. முதல்ல மக்காச்சோளம்.